நீச்சல் தெரியும், ஆபத்து தெரியலை: யாராவது உதவுங்களேன்

வணக்கம். ராமநாதபுரம் மாவட்டம், மண்டபம் ஊர்ப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில மூணாம் வகுப்பு எடுக்கிறேன். "கூட்டாளி தண்ணியில தத்தளிச்சா என்ன செய்வீங்க?"ன்னு கேட்டேன். மொத்த வகுப்பும், "குதிச்சுத் தூக்குவோம் டீச்சர்!" பகீர்னு ஆயிடுச்சு. முங்குறவன் கட்டிப் பிடிச்சா பெரிய ஆளே தப்புறது கஷ்டம். கத்தி ஆள் கூப்பிடணும், கயிறோ காலி கேனோ எறியணும்னு ஒருத்தரும் சொல்லலை. மீனவப் பிள்ளைங்க, நீச்சல் நல்லாவே வரும். அந்தத் தைரியம்தான் எனக்குக் கவலை. ஐப்பசி மழையில ஊரணி வேற நிரம்பிடும், தூர்வாரின பள்ளம் மேல தெரியாது.

அதுக்குள்ள ஒருநாள் செய்முறையாக் காட்டணும். தீயணைப்பு நிலையத்துலயோ கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துலயோ யாரையாவது தெரியுமா? எட்டு வயசுக்கு அளவான லைஃப் ஜாக்கெட் ரெண்டு இரவல் கிடைச்சாலும் போதும். சார்ட் இருந்தா அனுப்புங்க, படமா இருக்கட்டும். எழுத்து நிறைய இருந்தா எங்க பிள்ளைங்க திரும்பிக்கூடப் பார்க்காதுங்க.