பொங்கல் வாழ்த்து அட்டையில் களிமண் வில்லை: ரப்பர் ஸ்டாம்பின் மை ஏன் நிற்பதில்லை?

காகிதக்கொக்கு (சென்னை) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். மூன்று ஆண்டுகளாகப் பொங்கல் வாழ்த்து அட்டைகளைக் கையால் செய்து உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அஞ்சலில் அனுப்பி வருகிறேன். நான் சிறுமியாக இருந்தபோது, மார்கழி பிறந்ததும் அப்பா எங்களைக் கடைக்கு அழைத்துச் சென்று, பெரியப்பாவுக்கு எந்த அட்டை, ஊரில் இருக்கும் அத்தைக்கு எந்த அட்டை என்று ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுக்கச் சொல்வார். அந்த வழக்கம் எங்கள் வீட்டில் அற்றுப்போகக் கூடாது என்பதற்காகவே இதைச் செய்கிறேன்.

இதுவரை பானையையும் கரும்பையும் ரப்பர் ஸ்டாம்பால் காகிதத்தில் அச்சிட்டு வண்ணம் தீட்டியதோடு நிறுத்திக்கொண்டேன். இந்த ஆண்டு செய்யவிருக்கும் 60 அட்டைகளிலும் நடுவில் 4 சென்டிமீட்டர் விட்டமுள்ள களிமண் வில்லை ஒன்றை ஒட்டி, அதன்மேல் பானை உருவத்தைப் பதிக்க விரும்புகிறேன். வெள்ளோட்டமாகச் செய்து பார்த்ததில் எதுவும் சரியாக வரவில்லை. அடுப்பில் சுட்டெடுக்கும் பாலிமர் களிமண்ணில் அலுவலக ஸ்டாம்ப் பேடின் கறுப்பு மையைப் பதித்தேன். இரண்டு நாள் கழித்துத் தொட்டாலும் விரலில் ஒட்டுகிறது. ஃபெவிகாலும் மாவும் சேர்த்து வீட்டில் கிண்டிய களிமண்ணில் மை பரவிவிட்டது. அதோடு வில்லையின் விளிம்புகள் அப்பளம்போல் மேலே சுருண்டுகொண்டன. 'பொங்கலோ பொங்கல்' என்ற எழுத்துகளுக்காகக் கடையில் ஒரு ஸ்டாம்ப் செய்து வாங்கினேன். மை உள்ளேயே நிரப்பப்பட்டிருக்கும் வகை அது. காகிதத்தில் அழகாக விழும் அந்த எழுத்து, களிமண்ணில் தடமே பதிக்கவில்லை. எந்தக் களிமண்ணை, எந்த மையோடு, எந்த ஸ்டாம்போடு சேர்க்கவேண்டும் என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

மண்விரல் எழுதியது:

வணக்கம் சகோதரி. உங்கள் மை உலராததற்குக் காரணம் மையில் இல்லை, அது விழுந்த இடத்தில் இருக்கிறது. அலுவலக ஸ்டாம்ப் பேடின் மை, பேடு சீக்கிரம் காய்ந்துவிடாமல் இருப்பதற்காகவே மெதுவாக ஆவியாகும் திரவங்களோடு செய்யப்படுகிறது. காகிதத்தில் அது காய்வதாக நமக்குத் தோன்றுவது, காகித நார்கள் அதை உறிஞ்சிக்கொள்வதால்தான். பாலிமர் களிமண்ணோ பெயரளவில் மட்டுமே களிமண். பி.வி.சி. துகள்களையும், அவற்றைக் குழைவாக வைத்திருக்கும் எண்ணெய் போன்ற இளக்கியையும், நிறமியையும் கலந்து செய்த பிளாஸ்டிக் அது. சுட்டபின் அதன் மேற்பரப்பு எதையும் உறிஞ்சாது என்பதால், நீங்கள் பதித்த மை இரண்டு நாள் அல்ல, இரண்டு வாரம் ஆனாலும் அப்படியேதான் இருக்கும்.

மையால்தான் பதிக்கவேண்டும் என்றால் இரண்டு வழிகள் உள்ளன. சுடுவதற்கு முன்பே, பச்சைக் களிமண்ணில் நிறமி மையை (கரையாத வண்ணத்தூள் கலந்த மை) பதித்து, வில்லையோடு சேர்த்துச் சுட்டால் வெப்பத்தில் அது நன்றாகப் பிடித்துக்கொள்ளும். சுட்டபின் பதிப்பதாக இருந்தால், கண்ணாடிக்கும் உலோகத்துக்கும் உரிய கரைப்பான் மை, அதாவது விரைவில் ஆவியாகும் திரவத்தில் செய்த மை வேண்டும். ஜப்பானின் சுகினேகோ நிறுவனத்தின் ஸ்டேஸ்ஆன் அத்தகைய ஒன்று. அதைத் துடைக்கும் திரவமும் தனி. கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் பாலிமர் ஸ்டாம்புகளில் அதைப் பயன்படுத்தாதீர்கள். நாளடைவில் அவை கெட்டுவிடும்.

ஆனால் நான் உங்களுக்குப் பரிந்துரைப்பது இந்த இரண்டையும் அல்ல. களிமண்ணில் மையை மறந்துவிடுங்கள். காகிதத்தில் ஸ்டாம்ப் செய்யும் வேலையும் களிமண்ணில் அது செய்யும் வேலையும் வேறு வேறு: அங்கே அது எழுதுகிறது, இங்கே அது குழிக்கிறது. 2 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்த பச்சைக் களிமண்ணின்மேல் கார்ன்ஃப்ளாரை மெல்லிய துணியில் முடிந்து லேசாகத் தட்டிவிட்டு, மை தொடாத ரப்பர் ஸ்டாம்பை நேராக அழுத்தி, அசைக்காமல் நேராகவே எடுங்கள். பதிந்த பிறகு வட்டமாக வெட்டுங்கள். முதலில் வெட்டிவிட்டுப் பிறகு அழுத்தினால் வட்டம் கோணிப்போகும். சுட்டு ஆறியபின் அடர்பழுப்பு அக்ரிலிக் வண்ணத்தைக் குழிகளுக்குள் விரலால் தேய்த்து, மேற்பரப்பை ஈரத்துணியால் துடைத்துவிட்டால் கோடுகளில் மட்டும் வண்ணம் தங்கி, பல காலம் புழங்கிய மண்பானையின் சாயல் வந்துவிடும். பானைக்கு இதைவிடப் பொருத்தமான பூச்சு எனக்குத் தெரிந்து வேறில்லை.

சுடுவதில் கவனம் தேவை. ஜெர்மனியின் ஃபிமோ வகைக்கு 110 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம், அமெரிக்காவின் ஸ்கல்ப்பி வகைக்கு ஏறத்தாழ 130 டிகிரியில் 6 மில்லிமீட்டர் தடிமனுக்கு, வகையைப் பொறுத்து 15 முதல் 30 நிமிடம் என்பது உறையில் அச்சிட்டிருக்கும் அளவு. வீட்டு ஓ.டி.ஜி. (மேசைமேல் வைக்கும் சிறிய மின்அவன்) அடுப்பின் திருகு காட்டும் எண்ணை நம்பாமல், உள்ளே வைக்கும் சிறிய வெப்பமானி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். வெப்பம் வெகுவாக மீறினால் பி.வி.சி. சிதைந்து கண்ணையும் மூச்சையும் எரிக்கும் ஹைட்ரஜன் குளோரைடு வெளிவரும். சன்னலைத் திறந்து வையுங்கள். இயன்றால் சமையலுக்குப் பயன்படாத தனி அடுப்பு வைத்துக்கொள்ளுங்கள். மைக்ரோவேவ் கூடவே கூடாது. வில்லைகளைத் தரையோட்டின்மேல் வெள்ளைத்தாள் விரித்துச் சுட்டால் அடிப்பக்கத்தில் பளபளப்புத் திட்டு விழாது. மினுமினுப்புக்காக நகப்பூச்சு அடிக்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. அதிலுள்ள கரைப்பான் நாளடைவில் பரப்பைப் பிசுபிசுக்க வைத்துவிடும். தண்ணீரில் கரையும் வார்னிஷே போதும்.

தாழம்பூ எழுதியது:

மண்விரல் கூறியதை மறுக்கவில்லை. ஆயினும் 60 வில்லைகளுக்குப் பாலிமர் களிமண் வாங்குவது செலவு மிகுந்த வேலை என்பதால், வீட்டுக் களிமண்ணுக்காக நான் சிறிது வாதாட விரும்புகிறேன். அதை முறையாகச் செய்தால் சுருளாது.

முதலில் மாவு. சோளமாவு என்று எழுதியிருக்கும் பொட்டலத்தை எல்லாம் வாங்கிவிடாதீர்கள். நமக்கு வேண்டியது மக்காச்சோளத்தின் மாவுச்சத்தான வெள்ளை கார்ன்ஃப்ளார் மட்டுமே. ஒரு கிண்ணம் ஃபெவிகால், ஒரு கிண்ணம் கார்ன்ஃப்ளார், ஒரு மேசைக்கரண்டி குழந்தை எண்ணெய், ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு அல்லது வினிகர் ஆகியவற்றைக் கட்டியில்லாமல் கரைத்து, ஒட்டாத வாணலியில் மிகச் சிறு தீயில் கிண்டிக்கொண்டே இருக்கவேண்டும். அல்வா பதம்போல் வாணலியை விட்டுத் திரண்டு வரும்போது இறக்கி, கை பொறுக்கும் சூட்டில் எண்ணெய் தொட்டுப் பிசைந்து, காற்றுப் புகாத உறையில் ஓர் இரவு வைத்துவிட்டு மறுநாள் பயன்படுத்துங்கள். கூடுதல் நேரம் கிண்டிவிட்டால் ரப்பர்போல் இழுக்கும், பதிவு தெளிவாக விழாது. சற்று இளகலாக இறக்குவதே நல்லது. அந்த வாணலியை மறுபடி சமையலுக்கு எடுக்கவேண்டாம்.

விளிம்பு சுருண்டதற்குக் காரணம், மேற்பக்கம் காற்றுப்பட்டுக் காய்ந்து சுருங்கும்போது அடிப்பக்கம் ஈரமாகவே இருந்ததுதான். வில்லைகளைத் தட்டில் வைக்காமல் கம்பிவலையின்மேல் வைத்து, முதல் நாள் சில மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் போடுங்கள். தோல் சற்று இறுகியதும் இரண்டு உறிஞ்சுதாள்களுக்கு நடுவே வைத்து மேலே கனமான புத்தகம் ஒன்றை ஏற்றுங்கள். வெயிலிலும் மின்விசிறிக்கு நேர் கீழேயும் வைக்காதீர்கள். இந்தக் களிமண் காயும்போது கண்ணுக்குத் தெரியும் அளவுக்குச் சுருங்கும் என்பதால், 4 சென்டிமீட்டர் வேண்டுமென்றால் நாலரை சென்டிமீட்டராக வெட்டுங்கள்.

சென்னையில் இருக்கும் உங்களுக்கு இன்னொன்றும் சொல்லவேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையின் ஈரக்காற்றில் இது எளிதில் காயாது. காயாமல் டப்பாவில் அடைத்தால் பூஞ்சை பிடிக்கும். நான் மழைக்காலத்தில் செய்த இருபது வில்லைகளைக் கரும்புள்ளிகளோடு தூக்கி எறிந்திருக்கிறேன். மார்கழி முதல் வாரத்தில் தொடங்கினால் பொங்கலுக்குள் நிதானமாக முடித்துவிடலாம். முழுவதும் காய்ந்தபின் இருபுறமும் வார்னிஷ் பூசினால் ஈரம் மீண்டும் ஏறாது.

அச்சுமேசை எழுதியது:

ஸ்டாம்ப் செய்யும் கடையில் நெடுங்காலம் பணியாற்றியவன் என்ற முறையில், மூன்றாவது சிக்கலுக்கு மட்டும் விடை கூறுகிறேன். நீங்கள் வாங்கியது ஃபிளாஷ் ஸ்டாம்ப். நுண்துளைகள் உள்ள நுரைப்பட்டையின்மேல் படத்தை வைத்துக் கடும் ஒளியைப் பாய்ச்சும்போது, எழுத்தல்லாத இடங்களின் துளைகள் உருகி அடைபட்டுவிடும்; எழுத்து உள்ள இடங்களின் வழியாக மட்டுமே மை கசியும். அதில் மேடு பள்ளம் என்பது ஏறக்குறைய கிடையாது. மேடில்லாத ஒன்று களிமண்ணில் எப்படிக் குழிக்கும்?

கடைக்குச் செல்லும்போது, மை தொட்டுப் பதிக்கும் சாதாரண ரப்பர் ஸ்டாம்போ திரவப் பாலிமரில் செய்த ஸ்டாம்போ வேண்டும் என்றும், எழுத்தின் மேடு குறைந்தது ஒரு மில்லிமீட்டர் உயரம் இருக்கவேண்டும் என்றும் கேளுங்கள். எழுத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். தமிழ் எழுத்துகளில் சுழிகள் மிகுதி. 'லோ', 'பொ' ஆகியவற்றின் கொம்பிலுள்ள சிறிய சுழிகள் களிமண்ணால் அடைபட்டுவிடும். மெய்யெழுத்தின் புள்ளியோ, தனியே நிற்கும் மெல்லிய தூண் என்பதால், சில முறை அழுத்தியதும் சாய்ந்துவிடும் அல்லது பிய்ந்துவிடும். 'பொங்கல்' என்ற ஒரு சொல்லிலேயே இரண்டு புள்ளிகள் இருக்கின்றன. ஆகவே தடித்த, சுழிகள் அகன்ற எழுத்துருவைத் தேர்ந்து, புள்ளிகளைச் சற்றுப் பெரிதாக வரையச் சொல்லுங்கள்.

பானை உருவத்தை நீங்களே செதுக்கலாம் என்பது என் எண்ணம். பெரிய அழிப்பான் ஒன்று போதும். மென்மையான பென்சிலால் தாளில் வரைந்து, அதை அழிப்பானின்மேல் கவிழ்த்துத் தேய்த்தால் படம் இடவலம் மாறி ஒட்டிக்கொள்ளும். அச்சில் மறுபடி நேராக விழும். செதுக்கும்போது உளியைக் கோட்டிலிருந்து வெளிப்புறமாகச் சாய்த்துப் பிடியுங்கள். கோட்டின் அடி அகன்றும் நுனி குறுகியும் இருந்தால்தான் அழுத்தத்தைத் தாங்கும். அடிப்பக்கத்தைக் குடைந்துவிட்டால் பத்தாவது பதிவிலேயே கோடு உடைந்துவிடும்.

ஸ்டாம்பில் மேடாக இருப்பது களிமண்ணில் பள்ளமாகத்தான் விழும். பானை புடைத்து நிற்கவேண்டும் என்று விரும்பினால், ஸ்டாம்பைப் பாலிமர் களிமண்ணில் ஒருமுறை ஆழமாகப் பதித்துச் சுட்டு, அதையே அச்சாக வைத்துக்கொண்டு, கார்ன்ஃப்ளார் தூவி வீட்டுக் களிமண்ணை அதில் அழுத்தி எடுக்கலாம். சிந்துவெளி முத்திரைகளும் இந்த வகைதான்: கல்லில் உருவம் குழிவாகச் செதுக்கப்பட்டிருக்கும், களிமண்ணில் பதித்தால் அது புடைத்து எழும். ஆனால் எழுத்து இருந்தால் இந்த முறையிலும் அது இடவலம் மாறாமல் நேராகவே வருமா என்பதைத் தாளில் வரைந்து சரிபார்த்துக்கொள்ளுங்கள்; ஒரு படி கூடும்போதெல்லாம் திசை ஒருமுறை மாறும்.

தபால்பெட்டி எழுதியது:

அஞ்சலில் அனுப்பப்போவதால் எடையையும் இப்போதே கணக்கிட்டுவிடுங்கள். 300 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டருக்கு 300 கிராம்) தாளை ஏ5 அளவில் வெட்டி மடித்தால் அட்டை மட்டும் ஏறத்தாழ 9 கிராம். 4 சென்டிமீட்டர் விட்டமும் 2 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள வில்லையின் கன அளவு இரண்டரைக் கன சென்டிமீட்டர். பாலிமர் களிமண் தண்ணீரைவிடக் கனமானது என்பதால் 4 கிராமைத் தாண்டலாம், வீட்டுக் களிமண் அதைவிடக் குறைவாக இருக்கும். உறையும் அஞ்சல்தலையும் சேரும்போது, கடிதக் கட்டணத்தின் முதல் படியான 20 கிராமை நெருங்கிவிடுவீர்கள். வில்லையை 3 மில்லிமீட்டராகத் தடிக்கவிடாதீர்கள். வட்டத் துளை வெட்டிய அட்டைச்சட்டம் ஒன்றை வில்லையைச் சுற்றி வைத்தால், முத்திரை குத்தும் அடி நேராக வில்லையின்மேல் விழாது. அதன் எடையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காகிதக்கொக்கு எழுதியது:

நேரம் ஒதுக்கி இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. அழிப்பானில் பானையைச் செதுக்கி, பாலிமர் களிமண்ணில் ஒரே ஓர் அச்சு சுட்டுக்கொண்டேன். தாழம்பூ அம்மா கூறிய அளவில் களிமண் கிண்டி, பன்னிரண்டு வில்லைகளை அதில் அழுத்தி எடுத்துக் கம்பிவலையில் காயவைத்தேன், ஒன்றுகூடச் சுருளவில்லை. பழுப்பு வண்ணத்தைத் தேய்த்துத் துடைத்தபோது, பானையின் கழுத்தில் கட்டிய மஞ்சள் கொத்தின் இலை நரம்புகூடத் தெரிந்தது. எழுத்துகளைக் களிமண்ணில் பதிக்கும் எண்ணத்தைக் கைவிட்டு, அந்த ஃபிளாஷ் ஸ்டாம்பால் காகிதத்திலேயே அச்சிடப்போகிறேன். ஓர் ஐயம் மட்டும் மீதமிருக்கிறது. வில்லையை ஃபெவிகாலால் ஒட்டியபோது அட்டை அந்த இடத்தில் அலைபோல் நெளிந்துவிட்டது. என்ன செய்வது?

மண்விரல் எழுதியது:

பசையிலுள்ள நீரைக் காகிதம் குடித்துவிட்டது. ஃபெவிகாலை அட்டையில் தடவாமல் வில்லையின் அடியில், விளிம்பிலிருந்து சற்று உள்ளே தள்ளி, மிக மெல்லிய படலமாகத் தடவி, இரண்டு நிமிடம் காற்றாட விட்டு ஒட்டுங்கள். உடனே அட்டையைத் தட்டையாக வைத்து, வில்லையின்மேல் மென்துணி போட்டு, ஓர் இரவு பாரம் ஏற்றி வையுங்கள். பாலிமர் களிமண்ணாக இருந்தால் ஃபெவிகால் நாளடைவில் விட்டுப்போகும்; அதற்கு ஃபெவிபாண்ட் போன்ற ரப்பர்ப் பசையோ இருபுறமும் ஒட்டும் நுரைப்பட்டையோ வேண்டும். உங்கள் வில்லைகள் வீட்டுக் களிமண் என்பதால், வார்னிஷ் பூசும்போது அடிப்பக்கத்தில் ஒட்டும் இடத்தை மட்டும் பூசாமல் விட்டுவிடுங்கள்.