அப்பாவுக்கு பாரிசவாதம், தப்பு மேள சத்தத்துக்கு கால் ஒழுங்கா விழுது, இதுல விஷயம் இருக்கா?

பொகவந்தலாவ பய:
அப்பாவுக்கு 4 மாசத்துக்கு முந்தி பாரிசவாதம் வந்து எடது பக்கம் விழுந்திருச்சி. இப்ப கம்பு ஊனி வீட்டு முன்னுக்கு இஸ்தோப்புல நடக்கிறாரு, ஆனா வலது கால் டக்குனு விழும் எடது கால் எப்ப வந்து சேரும்னே சொல்ல ஏலாது, இழுத்துக்கிட்டே வரும். பிசியோ மிஸ்ஸ மாசத்துக்கு ஒருக்காத்தான் பாக்கலாம். போன கிழமை பக்கத்து லயத்து வீடுகள்ல காமன் கூத்துக்கு தப்பு அடிச்சி பழகுனாங்க, அந்த சத்தத்துல நடக்கிறப்ப ரெண்டு காலும் ஒரே கணக்கா விழுந்திச்சி, என் கண்ணால பாத்தேன். அம்மா சாமி செயலுங்கிறாங்க. பாட்டு போட்டு நடக்கவைக்கலாமா?

பிசியோ அக்கா:
விஷயம் இருக்கு தம்பி. இப்பிடி தாள சத்தத்துக்கு நடக்கவைக்கிறதுக்கு ரிதமிக் ஓடிட்டரி ஸ்டிமியுலேஷன்னு பேரு. அமெரிக்கால கொலராடோ ஸ்டேட் பல்கலைக்கழகத்துல மைக்கேல் தாவுட் ஆக்கள் 1997ல வெளியிட்ட ஆய்வுல, பாரிசவாதம் வந்தவங்கள ரெண்டு குரூப்பா பிரிச்சி 6 கிழமை நடக்கவச்சாங்க, தாளத்தோட நடந்த குரூப்புக்கு வேகமும் எட்டு வைக்கிற நீளமும் கூட முன்னேறிச்சி. தாளம் ஒழுங்கா வந்தா அடுத்த அடி எப்பன்னு மூளைக்கு முன்கூட்டியே தெரியும், கால் அதுக்கு ரெடியா நிக்கும், அவ்வளவுதான்.

அதுக்காக உடனே குத்துப்பாட்டு போட்டுறாதீங்க!! மொதல்ல சத்தமே இல்லாம நடக்கவிட்டு 30 செக்கன்ல எத்தன அடின்னு எண்ணி ரெண்டால பெருக்குங்க. 26 வந்தா நிமிசத்துக்கு 52. போன்ல டிக் டிக்னு ஒரே சீரா தாளம் போடுற மெட்ரோனோம் ஆப் ஓசியாவே இருக்கு, அதையும் 52லயே வைங்க. அதுல கால் ஒழுங்கா விழுந்த பெறகுதான் நூத்துக்கு 5 வீதம் கூட்டி 55. சமதரையில மட்டும், பக்கத்துல ஒரு ஆள் நிக்கணும், மழைக்கு வழுக்குற லயத்துப் படியில வேணவே வேணாம். அடுத்த கிளினிக்ல மிஸ்கிட்டயும் சொல்லுங்க.

தப்புக்காரன் பேரன்:
பாட்டு சரிவராது அண்ணே, மாமாவுக்கு போட்டு பாத்துட்டோம். மூணு மூணா எண்ணுற தாளத்துல பலத்த அடி ஒருக்கா வலது கால்ல ஒருக்கா எடது கால்ல விழும், மனுசன் கொழம்பி நடுவுல நின்னுட்டாரு. பெறகு பிளாஸ்டிக் வாளிய கவுத்துப் போட்டு ஒண்ணு-ரெண்டுன்னு நான் அடிச்சேன், சொகமில்லாத கால் குதி படுற அடி மட்டும் கொஞ்சம் பலமா. ஆனா நானும் ஒரு பெழ விட்டேன், பாவமேன்னு அவரு கால பாத்து பாத்து மெதுவாக்குனேன், அப்ப தாளம் காலுக்கு பின்னால போகுது. காலுதான் தாளத்துக்கு வரணும். கண்ண மூடிக்கிட்டு அடிங்க.

மஸ்கெலியா தங்கச்சி:
எங்க அப்பாயிக்கு பார்க்கின்சன், வாசப்படிகிட்ட கால் ஒட்டுன மாதிரி நின்னுருவாங்க. பக்கத்துல நின்னு ஒண்ணு ரெண்டுன்னு எண்ணுனா தாண்டிருவாங்க. இதுவும் அதுதானா அக்கா?

பிசியோ அக்கா:
கிட்டத்தட்ட அதேதான் மா. பார்க்கின்சன்ல உள்ளுக்குள்ள இருக்கிற தாளம் தடுமாறுது, நீங்க வெளியிலருந்து குடுக்கிறீங்க. எண்ணுறத நிப்பாட்டாதீங்க.

பொகவந்தலாவ பய:
எண்ணி பாத்தேன் அக்கா, 24 தான். மெட்ரோனோம் 48ல வச்சேன், அஞ்சு நிமிசம் நடந்துட்டு "என்னடா இது கொழாய் சொட்டுற மாதிரி"ங்கிறாரு. அவருக்கு தப்புதான் வேணுமாம். நாளைக்கு வாளி.