பூட்டிக் கிடக்கும் பக்கத்து வீட்டில் கொசுப்புழு, என்ன செய்யலாம்?

எங்கள் தெருவில் இந்த மாதம் மூன்று பிள்ளைகளுக்கு டெங்கு, அதில் ஒருத்தி என் அக்கா மகள். நாங்கள் டிரம், குடம் எல்லாவற்றையும் வாரம் ஒருமுறை கவிழ்த்து உள்பக்கம் நாரால் தேய்த்துக் கழுவுகிறோம், ஏனென்றால் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை தண்ணீர் வற்றினாலும் சுவரில் ஒட்டிக்கொண்டு பல மாதம் உயிரோடு இருக்கும், வெறுமனே கொட்டினால் போதாது.

ஆனால் பூட்டிக் கிடக்கும் பக்கத்து வீட்டு மாடியில் மூடியில்லாத சிமெண்ட் தொட்டி, கைப்பிடிச் சுவரருகே நின்றாலே புழு நெளிவது தெரிகிறது. உரிமையாளர் வெளியூர், போன் எடுப்பதில்லை. சுகாதார ஆய்வாளரிடம் மனு கொடுத்து இப்படிப் பூட்டிய வீட்டில் மருந்து ஊற்ற வைத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? மனுவில் என்ன எழுதினீர்கள்? அப்புறம், வேறு வகை டெங்கு இரண்டாம் முறை வந்தால் கடுமையாகும் வாய்ப்பு அதிகம், அதனால்தான் அவசரம்.