பில்ஸ்னர் பியரின் கசப்புக்கு ஸாட்ஸ் ஹாப்ஸ்தான் வேண்டுமா, மேக்னம் ஹாப்ஸ் போதாதா?

பார்லிமணி:
20 லிட்டர் பில்ஸ்னரில் 35 அலகுக் கசப்பு (லிட்டருக்கு 35 மில்லிகிராம் கசப்புப் பொருள்) வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரக் கொதியில், ஹாப்ஸ் என்ற பூவில் கசப்பைத் தரும் ஆல்பா அமிலத்தின் கால்பங்கு பயன்படும் என்று கொண்டால், 3.5 சதவீத ஆல்பா உள்ள ஸாட்ஸ் ஹாப்ஸ் 80 கிராம் பிடிக்கும். 13 சதவீதமுள்ள ஜெர்மானிய மேக்னமோ ஏறத்தாழ 22 கிராமிலேயே காரியத்தை முடித்துவிடும். ஸாட்ஸின் அருமை அதன் மணத்தில் இருக்கிறது. அந்த மணம் நெடுங்கொதியில் ஆவியோடு போய்விடுகிறது. ரசத்துக்குக் கொத்தமல்லித் தழையை முதலிலேயே போட்டு யாராவது கொதிக்க விடுவார்களா? கசப்புக்கு மேக்னமும் இறக்கும் நேரத்தில் ஸாட்ஸும் போதும் என்பதே என் கட்சி.

கொப்பரை:
கணக்கு சரி, ஆனால் அது ஆல்பாவை மட்டுமே எண்ணுகிறது. ரசத்திலும் கொத்தமல்லித் தழைதான் கடைசியில் விழும். தண்டு முதலிலிருந்தே கொதிக்கிறதே! 80 கிராம் ஹாப்ஸோடு சேரும் பாலிஃபீனால்கள் தருகிற மெல்லிய துவர்ப்பையும் வாய்நிறைவையும் 22 கிராமிடம் எதிர்பார்க்க முடியாது. 1842இல் இன்றைய செக் நாட்டின் பில்சன் நகரில் யோசப் குரோல் காய்ச்சிய பியரின் வழிவந்த பில்ஸ்னர் உர்குவெல்லில், கசப்புக்கும் மணத்துக்கும் இன்றுவரை ஸாட்ஸ் ஒன்றே.

பார்லிமணி:
பில்சனின் உப்புக் குறைந்த மென்னீரும், மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) மாவுக்கூழில் ஒரு பகுதியை மும்முறை தனியே கொதிக்க வைக்கும் அவர்களது முறையும் தருகிற சுவையையும் தாங்கள் ஸாட்ஸின் கணக்கிலேயே வரவு வைக்கிறீர்கள். அதே பாலிஃபீனால்கள்தாம் மால்ட்டின் புரதத்தோடு சேர்ந்து, குளிரூட்டிய பியரைக் கலங்கச் செய்கின்றன. வெப்பமும் வறட்சியும் மிகுந்த ஆண்டுகளில் ஸாட்ஸின் ஆல்பா குறைவதால் அந்த 80 கிராமும் நிலையான அளவன்று.

மூன்றாம்குவளை:
அமெரிக்காவில் 1972இல் வெளிவந்த கேஸ்கேட் ஹாப்ஸை இருவருமே மறந்துவிட்டீர்கள்.

கொப்பரை:
மறக்கவில்லை, நண்பரே. பம்ப்ளிமாஸ் வாசம் வீசும் கேஸ்கேட், பேல் ஏல் வகை பியருக்கு அழகு. பில்ஸ்னரில் அது மால்ட்டை மறைத்துவிடும்.

பார்லிமணிக்கு: கலங்கலை ஒப்புக்கொள்கிறேன், சில வாரக் குளிர்ப்பதனத்தில் பெரும்பகுதி படிந்துவிடும். நீர், மால்ட், ஈஸ்ட், இறுதியில் இடும் ஸாட்ஸ் ஆகிய அனைத்தையும் ஒன்றாகவே வைத்து, தொடக்கக் கசப்பை மட்டும் மாற்றி இரண்டு பியர் காய்ச்சுங்கள். மூன்று குவளைகளில் இரண்டில் ஒன்றையும் மூன்றாவதில் மற்றதையும் ஊற்றி, எது வேறு என்று பிறரைக் கேளுங்கள். பலமுறை கேட்டும் அவர்களால் பிரித்தறிய முடியவில்லையென்றால், என் 80 கிராமை நானே குறைத்துக்கொள்கிறேன்.