ஸ்க்ரீன் கழுவும்போது எமல்ஷன் உரிந்து வருகிறது, உதவுங்கள்

சென்னை பெசன்ட் நகரில் கடலுக்குப் பக்கத்தில் சின்ன அறையில் ஸ்க்ரீன் பிரிண்டிங் செய்கிறேன், பெரும்பாலும் இங்குள்ள இளம் ஓவியர்களின் போஸ்டர்களும் துணிப்பைகளும். ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து, ஒளி காட்டிய ஸ்க்ரீனைக் கழுவினால் படம் விழ வேண்டிய இடம் மட்டுமில்லாமல் சுற்றியுள்ள எமல்ஷனும் (மெஷ் மேல் பூசும், ஒளி பட்டால் இறுகும் பூச்சு) வழவழவென்று உரிந்து வந்துவிடுகிறது. டயஸோ வகை எமல்ஷன், 120 டி மெஷ் (சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத்துணி), ஒளி காட்ட 50 வாட் யூவி எல்இடி விளக்கு. கோடையில் இதே செட்டப்பில் ஒரு குறையும் இல்லை.

புது எமல்ஷன் கலந்து பார்த்தேன், மெஷ்ஷை நன்றாக எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவினேன், ராத்திரி முழுக்க ஃபேன் காற்றில் வைத்தேன். ஒளி நேரத்தைக் கூட்டினால் மெல்லிய கோடுகள் அடைத்துக்கொள்கின்றன. ஈரக்காற்றில் எமல்ஷன் உள்வரை காயவில்லை என்றுதான் தோன்றுகிறது. சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் 1966-லிருந்து ஓவியர்கள் கடலோரத்திலேயே இருக்கிறார்கள், அந்தப் பக்கம் அச்சு வேலை செய்பவர்கள் யாராவது இங்கே இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். மார்கழிக்குள் பிரிண்ட் கொடுத்தாக வேண்டும், என்னிடம் அச்சடிக்கும் இளம் ஓவியர்களுக்கு விற்பனையே அப்போதுதான்.

ஏசி இல்லாத அறையில், அடைமழை நாளில், ஒளி காட்டும் முன் ஸ்க்ரீனை எப்படி முழுசாகக் காயவைக்கிறீர்கள்?