புண் ஆறவே மாட்டேன் என்கிறது, 10 நாள் ஆகிவிட்டது, அவசரம்

மழைக்குருவி:
தொடைக்கு மேலே சின்னப் புண். பொருக்குத் தட்டுகிறது, சரி ஆறிவிட்டது என்று நினைத்தால் மறுநாளோ அதற்கு மறுநாளோ திறந்து வடிகிறது. காலை, மாலை ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றுகிறேன், நன்றாக நுரைக்கிறது. அப்புறம் கிருமிநாசினி கலந்த தண்ணீர், கடைசியில் பவுடர். இதற்கு மேல் எதைப் போட்டால் சீக்கிரம் ஆறும்?

வால்காக்கை:
யாருடைய தொடை? உங்களுடையதா? ஆடா, மாடா, நாயா?

கன்றுக்குட்டி:
மாடாக இருந்தால் முதலில் ஈயை விரட்டுங்கள். முட்டை வைத்துவிட்டால் ஒரே நாளில் புழு நெளியும். நாயாக இருந்தால் பயமில்லை, நக்கியே ஆற்றிக்கொள்ளும்.

தேன்கூடு:
எந்தப் பிராணியாக இருந்தாலும் தேன்தான். புண்ணின் நீரை இழுத்துவிடும், கிருமி அதில் பிழைக்காது. எங்கள் குதிரைக்கு முழங்காலுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உரிந்துபோனது. தேன் தடவிய துணி வைத்துக் கட்டி, நனைந்த கட்டை மாற்றி மாற்றி, ஓரத்திலிருந்து ரோஜா நிறத்தில் மெல்லிய தோல் உள்ளே ஊர்ந்து வந்ததைக் கண்ணால் பார்த்தேன்.

பழைய கம்பவுண்டர்:
என்ன பிராணி, என்ன வயது, எப்படி அடிபட்டது, தீனி எடுக்கிறதா, காய்ச்சல் உண்டா என்று எழுதிவிட்டுக் கேளுங்கள் என மேலே ஒட்டி வைத்திருக்கிறோம். படிப்பதற்கு யாருக்கும் நேரமில்லை, அவசரம் மட்டும் இருக்கிறது. பெராக்சைடை இன்றோடு நிறுத்துங்கள். நுரைத்தால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தமில்லை. ரத்தத்திலும் சதையிலும் இருக்கும் கேட்டலேஸ் என்ற நொதி அதை உடைக்கிறது, அவ்வளவுதான். கிருமியோடு சேர்த்து, புதிதாக முளைக்கும் சதையையும் அது அரிக்கும். தினமும் நட்ட விதையைத் தோண்டிப் பார்க்கிற வேலை இது. கொதித்து ஆறிய தண்ணீர் 1 லிட்டருக்கு 9 கிராம் உப்பு, கழுவ அது போதும். பிறகு காற்றாட விடுங்கள். காய்ந்தால் ஆறும். தேன் கீன் என்று இறங்க வேண்டாம்.

தேன்கூடு:
காய விடுவதா? ஐயா, 1962இலேயே ஜார்ஜ் விண்டர் என்ற ஆய்வாளர் பன்றிகளின் மேல் சோதித்துப் பார்த்துவிட்டார். பாலிதீன் படலம் போட்டு ஈரமாக வைத்த புண்ணில், காய விட்டதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாகத் தோல் மூடியது. பொருக்கு இருந்தால் புதுத் தோல் அதற்கு அடியில் வழி தோண்டிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது.

பழைய கம்பவுண்டர்:
அந்தப் பன்றிகளுக்கு ஆய்வுக்கூடத்தில் கத்தி வைத்துச் சீவிய சுத்தமான புண். சீழ் வைத்த புண்ணைப் பிளாஸ்டிக் போட்டு மூடிப் பாருங்கள், மூன்றாம் நாள் வந்து சொல்லுங்கள். குதிரைக் காலில் கட்டுப் போட்டால் சதை மிஞ்சி வளர்ந்து, வெட்டி எடுக்க வேண்டி வரும் என்பதாவது தெரியுமா?

தேன்கூடு:
கட்டுப் போட்டாலும் மிஞ்சும், போடாவிட்டாலும் மிஞ்சும். முழங்காலுக்குக் கீழே குதிரைக்கு அதுதான் சுபாவம்.

வால்காக்கை:
இங்கே குதிரை எங்கிருந்து வந்தது? மழைக்குருவி, இருக்கிறீர்களா?

மழைக்குருவி:
மன்னியுங்கள், எழுத விட்டுப்போச்சு. பூனை. கடுவன், 3 வயது, கருத்தடை செய்யவில்லை. ராத்திரி சண்டை போட்டுவிட்டு வந்தது. சாப்பாட்டில் குறையில்லை. கிருமிநாசினி, தண்ணீரில் விட்டால் பால் மாதிரி வெளுக்குமே, அதுதான்.

நீலக்கண்:
அதை முதலில் தூக்கி எறியுங்கள். பால் மாதிரி வெளுப்பது பெரும்பாலும் பீனால் வகை. பூனையின் ஈரலால் அதைச் சரியாக உடைத்து வெளியேற்ற முடியாது. நீங்கள் தடவ, அது நக்க, எல்லாம் வயிற்றுக்குள் போகிறது. டீ ட்ரீ எண்ணெய் என்று யாராவது சொன்னாலும் வேண்டாம். பாவமாக இருக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள், உயிரே போகும்.

இனி புண். பூனையின் பல்லும் நகமும் ஊசி மாதிரி. மேலே துளை சின்னது, சீக்கிரம் மூடிக்கொள்ளும், கிருமி அடியில் தங்கிப் பையாகச் சீழ் கட்டும். மூடுவதும் திறப்பதுமாக 10 நாள் ஓடுகிறது என்றால் உள்ளே ஏதோ மாட்டியிருக்கலாம். முள், பல் துண்டு, முடி, எதுவாகவும் இருக்கும். அது இருக்கும்வரை தேனும் ஆற்றாது, வெயிலும் ஆற்றாது. கால்நடை மருத்துவர் திறந்து பார்த்துக் கழுவ வேண்டும். சண்டைக்காரக் கடுவன் என்பதால் எஃப்ஐவி (பூனையின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் வைரஸ்), லுக்கீமியா வைரஸ் இரண்டுக்கும் சோதிக்கச் சொல்லுங்கள், அவை இருந்தாலும் புண் இழுக்கும். ரேபிஸ் ஊசி போட்டிருக்கிறதா? கையுறை இல்லாமல் தொடாதீர்கள். கழுத்தில் கூம்பு மாட்டுங்கள்.

கன்றுக்குட்டி:
கூம்பு எதற்கு? எச்சிலே மருந்துதானே.

நீலக்கண்:
அண்ணே, பூனை நாக்கைத் தொட்டுப் பார்த்ததுண்டா? முழுக்கக் கொக்கி கொக்கியாக இருக்கும். எச்சிலில் கிருமியை அடக்கும் பொருள் கொஞ்சம் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த அரத்தால் நாள் முழுக்கத் தேய்த்தால் முளைத்த சதை எங்கே நிற்கும்?

பழைய கம்பவுண்டர்:
பூனை என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தால் நானும் இதையேதான் சொல்லியிருப்பேன்.

வால்காக்கை:
காற்றாட விடச் சொன்னீர்களே சார்.

பழைய கம்பவுண்டர்:
பொதுவாகச் சொன்னேன்.

(5 நாள் கழித்து)

மழைக்குருவி:
போய் வந்தோம். மயக்கம் கொடுத்துத் திறந்தார்கள். உள்ளே வேறொரு பூனையின் நக ஓடு, என் சுண்டுவிரல் நகத்தில் பாதி இருக்கும். சோதனை இரண்டிலும் ஒன்றுமில்லை. கூம்பை மாட்டியதிலிருந்து என்னோடு பேசுவதில்லை. எல்லோருக்கும் நன்றி.

தேன்கூடு:
சந்தோஷம். திறந்த புண்ணுக்கு இப்போது என்ன வைத்துக் கட்டியிருக்கிறார்கள்? தேன் கலந்த களிம்பா?

பழைய கம்பவுண்டர்:
கட்டே போட்டிருக்க மாட்டார்கள். வடியட்டும் என்று திறந்துதான் விட்டிருப்பார்கள். மழைக்குருவி, சொல்லுங்கள்.

தேன்கூடு:
மழைக்குருவி?