மாரிமுத்து தாத்தா குடும்பம்: கமலா அத்தைக்கு எந்தத் தேதி?

ஜெயா அக்கா: எல்லோருக்கும் வணக்கம், பசியாறிவிட்டீர்களா. வரும் செப்டம்பர் 16, சனிக்கிழமை, கமலா அத்தைக்கு 60 வயது. அன்றோடு பள்ளிக்கூட வேலையும் முடிகிறது. பத்துமலைப் பக்கம் ஒரு மண்டபம் பார்த்து வைத்திருக்கிறேன், 80 பேர் கணக்கு. அத்தைக்குத் தெரியக் கூடாது. யார் யார் வருகிறீர்கள் என்று இன்று ராத்திரிக்குள் சொல்லுங்கள்.

தினேஷ்: வருகிறேன் லா. மட்டன் உண்டுதானே?

கிள்ளான் சித்தி: சனிக்கிழமை கறியா

தினேஷ்: சித்தி, அடுத்த வாரமே புரட்டாசி. அன்று விட்டால் ஒரு மாதம் சாம்பார்தான்.

முருகன் சித்தப்பா: பத்திரிகை அடிக்கிறீர்களா?

ஜெயா அக்கா: இல்லை சித்தப்பா, வாட்ஸ்அப்பில்தான் சொல்கிறோம்.

முருகன் சித்தப்பா: நல்லது. யார் பேரும் விட்டுப்போகாது.

பிரியா: ஆரம்பித்தாயிற்று

செந்தூல் பெரியப்பா: ஜெயா, தேதி தப்பு. கமலா பிறந்தது 1963 ஆகஸ்டு 31. அடையாளக் கார்டில் 630916 என்று இருப்பது தோட்டத்து ஆபீஸ் எழுத்தர், அதாவது கிராணி, செய்த வேலை. அப்போது எனக்கு எட்டு வயது, எல்லாம் ஞாபகம் இருக்கிறது. அந்த ஆகஸ்டு 31ல்தான் மலேசியாவே பிறந்திருக்க வேண்டும். 1957 மெர்டேக்கா, அதாவது மலாயா சுதந்திரம், அதே தேதி என்பதால் பிரதமர் துங்கு அந்த நாளையே குறித்து வைத்திருந்தார். இந்தோனேசியாவும் பிலிப்பீன்ஸும் ஒத்துக்கொள்ளவில்லை. மலாயாவோடு சேரவிருந்த சபா, சரவாக் மக்களுக்கு உண்மையிலேயே இதில் விருப்பமா என்று விசாரித்துவர ஐ.நா. பொதுச்செயலாளர் ஊ தாண்ட் ஒரு குழுவை அனுப்பினார். குழு விசாரித்து முடிப்பதற்குள் 31 போய்விட்டது. அறிக்கை வந்தது செப்டம்பர் 14, மலேசியா உதயமானது 16, திங்கட்கிழமை. நாடு பதினாறு நாள் தள்ளிப்போனது, கமலா சொன்ன தேதிக்கு வந்துவிட்டாள்.

தினேஷ்: அத்தை எப்பவும் பங்ச்சுவல்

ஜெயா அக்கா: அப்பா, இதை நீங்கள் போன மாதமே சொல்லியிருக்கலாம்.

செந்தூல் பெரியப்பா: நீ கேட்கவில்லை. மீதியையும் கேள். தாத்தா பேர் பதியப் போகாமல் இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்தடித்தார். கடைசியில் அவர் தோட்டத்து ஆபீசுக்குப் போனது செப்டம்பர் 17. அங்கே எல்லோரும் மலேசியா மலேசியா என்று அதே பேச்சு. நாள் கடந்துவிட்டதே, அபராதம் போடுவார்களோ என்று தாத்தா தலையைச் சொறிந்திருக்கிறார். கிராணி நல்ல மனுஷன். "நேற்றுதான் பிறந்தாள் என்று போட்டுவிடுகிறேன், நாடு பிறந்த நாள், பிள்ளைக்கு ராசி" என்று எழுதிவிட்டார்.

பிரியா: அப்படியென்றால் அத்தைக்குப் பதினாறு நாள் சம்பளம் கூட வருகிறது. கிராணிக்குத்தான் மாலை போட வேண்டும்.

முருகன் சித்தப்பா: இந்தக் கதையில் போன தடவை கிராணி கெட்டவராக இருந்தார்.

கிள்ளான் சித்தி: ஜெயா கல்யாணத்துக்குக் கொடுத்த என் பெரிய அண்டா யார் வீட்டில் இருக்கிறது? எவர்சில்வர், அடியில் மு.சி. என்று வெட்டியிருக்கும்.

ஜெயா அக்கா: சித்தி அது 2011

கிள்ளான் சித்தி: அதனால்தான் கேட்கிறேன்

தினேஷ்: சரி, கேக்கில் எந்தத் தேதி? ஆகஸ்டு 31 என்றால் வியாழக்கிழமை. அதுவும் லீவுதான்.

கிள்ளான் சித்தி: ஆகஸ்டு 31 வேண்டவே வேண்டாம். 1997ல் டயானா பாரீஸில் செத்துப்போனது அன்றைக்குத்தான். காலையில் டிவியைப் போட்டேன், அழுகையை அடக்கவே முடியவில்லை.

முருகன் சித்தப்பா: எங்கள் அம்மா போனபோதுகூட அப்படி அழவில்லை.

கிள்ளான் சித்தி: உங்கள் அம்மா எனக்கு என்ன செய்தார்

பிரியா: தேதி தேதி தேதி

செந்தூல் பெரியப்பா: செப்டம்பர் 16ம் லேசுப்பட்ட நாள் இல்லை. 1916ல் எம்.எஸ். சுப்புலட்சுமி மதுரையில் பிறந்தது அன்றுதான். அவர் 1966ல் ஐ.நா. சபையில் பாடினாரே, அப்போது அங்கே பொதுச்செயலாளர் யார் தெரியுமா? அதே ஊ தாண்ட். மலேசியாவை 16ஆம் தேதிக்குத் தள்ளியவர் காலத்தில், 16ஆம் தேதி பிறந்தவர் போய்ப் பாடியிருக்கிறார். லீ குவான் யூவும் 1923 செப்டம்பர் 16. சிங்கப்பூர் மலேசியாவில் சேர்ந்த அன்று அவருக்குச் சரியாக 40 வயது. இதெல்லாம் சும்மா அமைகிறதா?

தினேஷ்: நேற்று எனக்கு ஒன்று வந்தது, பாருங்கள். *முன்னனுப்பப்பட்டது* "செப்டம்பர் 16ன் மர்மம்!! சிங்கப்பூர் சேர்ந்ததும் பிரிந்ததும் ஒரே தேதி!! 10 பேருக்கு அனுப்பினால் நல்ல செய்தி வரும்"

செந்தூல் பெரியப்பா: தப்பு. சேர்ந்தது 1963 செப்டம்பர் 16, பிரிந்தது 1965 ஆகஸ்டு 9. இரண்டு வருடம்கூட முழுசாக இல்லை. இந்த மாதிரிக் குப்பையைக் குழுவில் போடாதே.

தினேஷ்: நீங்கள் போட்டால் வரலாறு, நான் போட்டால் குப்பை

பிரியா: பெரியப்பா கோபித்துக்கொள்ளாதீர்கள், ஆனால் இதில் மர்மம் எதுவும் இல்லை. வருடத்தில் 365 நாள்தான், உலகத்தில் நடந்ததெல்லாம் அதற்குள்ளேதான் அடைந்து கிடக்க வேண்டும். 23 பேர் ஓர் அறையில் இருந்தாலே யாராவது இரண்டு பேருக்கு ஒரே பிறந்தநாள் வர வாய்ப்பு பாதிக்கு மேல். இந்தக் குழுவில் 31 பேர் இருக்கிறோம், கணக்குப்படி நூற்றுக்கு எழுபதையும் தாண்டும். நம்புவதற்குக் கஷ்டமாக இருந்தால் ஜெயா அக்கா பையனையும் தினேஷையும் பாருங்கள், இரண்டு பேரும் மார்ச் 4.

தினேஷ்: ஆமாம், எனக்கென்று தனிக் கேக் வந்து ஆறு வருஷம் ஆகிறது.

செந்தூல் பெரியப்பா: கணக்கு சரி. ஆனால் பாரதியார் பிறந்தது 1882 டிசம்பர் 11. அவர் பாட்டை ஊரெல்லாம் கொண்டுபோன எம்.எஸ். இறந்தது 2004 டிசம்பர் 11. இதற்கு உன் 23 பேர் என்ன சொல்வார்கள்?

பிரியா: 😐 சரி, அது கொஞ்சம் நல்லாத்தான் இருக்கிறது.

முருகன் சித்தப்பா: செப்டம்பர் 16ல் பணம் போன கதையை அண்ணன் விட்டுவிட்டார். 1992, புதன்கிழமை. இங்கிலாந்து பவுண்டைத் தாங்கிப் பிடிக்க முடியாமல் ஐரோப்பிய நாணய ஏற்பாட்டைவிட்டே வெளியே வந்தது. நாணய வியாபாரி சோரோஸ் ஒரே அடியில் கோடிக்கணக்கில் அள்ளினார். பவுண்டு விழாது என்று நம்பி வாங்கிக் குவித்தவர்களில் நம் நாட்டு மத்திய வங்கியும் ஒன்று. எத்தனையோ நூறு கோடி வெள்ளி (ரிங்கிட்) போனது. ராசியான நாளாம்.

செந்தூல் பெரியப்பா: அதே தேதியில் 1987ல் ஓசோன் படலத்தைக் காப்பாற்ற மாண்ட்ரியலில் ஒப்பந்தம் போட்டார்கள். அதையும் சேர்த்துச் சொல்.

முருகன் சித்தப்பா: ஓசோன் உங்களுக்கு, பவுண்டு எனக்கு. பங்கு பிரிப்பதென்றால் எப்போதும் இப்படித்தான்.

(சித்தப்பாவின் இந்தச் செய்திக்குப் பிறகு பதினோரு நிமிடம் யாரும் பேசவில்லை.)

தினேஷ்: அத்தைக்கு அறுபதாம் கல்யாணம் மாதிரி மாலை ஏதாவது…

பிரியா: டேய். மாமா போய் நாலு வருஷம்.

தினேஷ்: *இந்தச் செய்தி நீக்கப்பட்டது*

ஜெயா அக்கா: ஐயோ

ஜெயா அக்கா: இது எந்தக் குழு???

பிரியா: அக்கா, நீங்கள் "அத்தை 60" குழுவில் போடவில்லையா

ஜெயா அக்கா: காலையில் கண்ணாடி போடவில்லை

தினேஷ்: அத்தை ஆன்லைன்

தினேஷ்: அத்தை டைப் பண்ணுகிறார்

கமலா அத்தை: எட்டு மணியிலிருந்து படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். அஞ்சாம் வகுப்புப் பிள்ளைகள் உங்களைவிட மேல். முதலில் அண்ணனுக்கு. நான் பிறந்தபோது விடியற்காலை மூணு மணி. ஆபீஸ் கணக்கில் அது 31, சனிக்கிழமை. அம்மா கணக்கில் பொழுது விடியவில்லை, அதனால் வெள்ளிக்கிழமை ராத்திரி. சாகிறவரைக்கும் என்னை வெள்ளிக்கிழமைப் பெண் என்றுதான் சொன்னார். அண்ணன் அப்போது லயத்துத் திண்ணையில் தூங்கிக்கொண்டிருந்தார், அவருக்கு எதுவும் ஞாபகம் இருக்க நியாயமில்லை.

செந்தூல் பெரியப்பா: முழித்துத்தான் இருந்தேன். தண்ணீர் காய வைத்தது யார்?

கமலா அத்தை: பக்கத்து வீட்டு ஆயா. முருகா, பங்கைப் பற்றிப் பேசுவதாக இருந்தால் எனக்குத் தனியாகப் போன் பண்ணு.

முருகன் சித்தப்பா: சரிக்கா

கமலா அத்தை: செப்டம்பர் 16 எனக்கு ஒன்றும் கெட்ட நாள் இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் அதைத்தான் படிவம் படிவமாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். முன்பெல்லாம் அன்றைக்குப் பள்ளிக்கூடம் இருக்கும், பிள்ளைகள் பாட்டுப் பாடுவார்கள். 2010லிருந்து நாடு முழுக்க லீவு விட்டுவிட்டார்கள், பாட்டும் போச்சு. தினேஷ், நீ அழித்ததை நான் படித்துவிட்டேன், பரவாயில்லை. மாமா இருந்திருந்தால் மாலைக்கு முன்னால் மட்டன்தான் கேட்டிருப்பார்.

தினேஷ்: சாரி அத்தை 🙏

தினேஷ்: அப்போ மட்டன் உறுதியா?

கிள்ளான் சித்தி: அண்ணி, சனிக்கிழமை…

கமலா அத்தை: கறி ஒரு பக்கம், சைவம் ஒரு பக்கம். மண்டபம் வேண்டாம் ஜெயா. அண்ணன் வீட்டு வாசலில் கூடாரம் போட்டுக்கொள்ளலாம், நாமே சமைப்போம்.

ஜெயா அக்கா: அத்தை, 500 வெள்ளி டெபாசிட் கட்டிவிட்டேன்.

முருகன் சித்தப்பா: யாரைக் கேட்டுக் கட்டினாய்

ஜெயா அக்கா: போன வாரம் கேட்டேன் சித்தப்பா, நீங்கள்தான் கட்டைவிரல் போட்டீர்கள்.

முருகன் சித்தப்பா: அது வேறு செய்திக்கு

கிள்ளான் சித்தி: வீட்டில் சமைப்பதென்றால் அண்டா வேண்டும். அந்த அண்டா எங்கே என்றுதான் காலையிலிருந்து கேட்கிறேன்.

செந்தூல் பெரியப்பா: என் வீட்டுப் பின்பக்கம்தான் இருக்கிறது. மீன் விட்டிருக்கிறேன்.

கிள்ளான் சித்தி: என்ன மீன்

செந்தூல் பெரியப்பா: கெளுத்தி. நாலு.

ஜெயா அக்கா: 80 பேரா, 30 பேரா? யாராவது சொல்லுங்கள், மண்டபக்காரர் லைனில் இருக்கிறார்.